லாரி ஏட்டும் வாகைப் பூவும்

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் உங்கள் தெரு மன்றத்து ஆட்கள் சேர்ந்து, அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்த ஐந்து பேருக்குப் பாராட்டு விழா வைக்கிறீர்கள். ஒரு பாக்ஸர், கேரம் ஆடும் ஒரு பெண், குடும்பத்தில் முதல் ஆளாக டாக்டருக்குப் படித்து முடித்த பையன், இருபது வருஷமாக மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கும் ஓர் அக்கா, ஒரு கானா பாடகர். ஃப்ளெக்ஸில் ‘நார்த் மெட்ராஸ் லாரியேட்ஸ்’ என்று போடலாம் என்கிறார் ஒருவர். அது நோபல் வாங்கினவர்களுக்கு மட்டும் போடுகிற வார்த்தை, நம்மை நாமே கேலி செய்துகொள்வது மாதிரி ஆகிவிடும் என்கிறார் இன்னொருவர். அதனால் லாரியேட் என்றால் என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு என்ன சொல் என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்வி. ஆனால் அவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது: அந்த வார்த்தை எங்கள் ஆட்களுக்குப் பொருந்துமா? நீங்கள் உண்மையில் கேட்பது அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தங்கசாலைப் பக்கத்து அச்சகங்களில் புரூஃப் பார்த்தவன். இடையிடையே பள்ளிப் புத்தகங்களும் பொது அறிவுப் புத்தகங்களும் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். லத்தீன், கிரேக்கம் எல்லாம் எனக்கு அகராதி வழியாகத் தெரிந்த அளவுதான். தமிழ்ப் பகுதியில் கொஞ்சம் தைரியமாகவே பேசுவேன்.

இந்த வார்த்தையோடு எனக்கு முதல் அறிமுகமே ஒரு தவறில்தான். கையால் எழுத்துக் கோர்த்த காலம். ‘நோபல் லாரியேட்’ என்று கையெழுத்துப் பிரதியில் இருந்ததைக் கம்பாசிட்டர் ‘நோபல் லாரி ஏட்டு’ என்று கோர்த்து வைத்திருந்தார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசைக்கு நடுவே தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தவர். லாரியை மடக்கி நிற்கிற ஏட்டை அவர் பார்த்திருக்கிறார், லாரியேட்டைப் பார்த்ததில்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை என்பதால்தான் அன்று அகராதியைத் திறந்தேன்.

அர்த்தம் ஒரே வரிதான். லாரஸ் என்பது லத்தீனில் ஒரு மரத்தின் பெயர். ஆங்கிலத்தில் லாரல். அந்த மரத்தின் இலைக்கொத்தை வளையமாகக் கட்டித் தலையில் சூட்டப்பட்டவர் லாரியாட்டஸ். அதுதான் ஆங்கிலத்தில் லாரியேட் ஆனது. ‘சூட்டப்பட்டவர்’ என்ற செயப்பாட்டு வினை முக்கியம். சூட்டிக்கொண்டவர் இல்லை. வேறொருவர் சூட்டியிருக்க வேண்டும். நோபல் பரிசுக்காரர்கள் ‘வின்னர்’ என்பதைவிட லாரியேட் என்பதையே விரும்பிச் சொல்வதற்கும் இதுதான் காரணம்: அது போட்டி போட்டு ஜெயிக்கிற பந்தயம் இல்லை, கொடுக்கப்படுவது. வேடிக்கை என்னவென்றால், பரிசு கொடுக்கிற ஸ்வீடன்காரர்கள் தங்கள் மொழியில் இலை தழை எதையும் இழுப்பதில்லை. ‘நோபல் பரிசு எடுத்தவர்’ என்கிற மாதிரி ஒரு நேரான சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மரத்தை நீங்கள் ஏறக்குறையப் பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். பிரியாணித் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைக்கிறீர்களே, பிரியாணி இலை, அதற்கு நெருங்கிய உறவு. நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது லவங்கப்பட்டை மரத்தின் இனத்தைச் சேர்ந்த இலை. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். மத்தியதரைக் கடல் நாட்டு லாரல் இலைக்கு நடுவில் ஒரே நரம்புதான், பக்கத்தில் சின்னச் சின்னக் கிளை நரம்புகள் பிரியும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே லாரல் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதிச் சரக்காக ‘பே லீஃப்’ என்று விற்பது பெரும்பாலும் அசல் லாரல் இலை. ஆக, உலகத்திலேயே பெரிய மரியாதைக்குரிய அந்த இலையை ஐரோப்பாக்காரர்களும் குழம்பில்தான் போடுகிறார்கள்.

இதே இடத்தில் நான் ஒரு முறை நன்றாகச் சறுக்கினேன். ஒரு மொழிபெயர்ப்பில் ‘லாரல் மாலை’ வந்தது. பழைய ஆங்கில மரப்பட்டியலில் தேடினேன். ‘அலெக்ஸாண்டிரியன் லாரல்’ என்பதற்கு நேரே புன்னை என்று இருந்தது. கடற்கரை மரம், கோயில் மரம், சங்கப் பாட்டிலும் இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று ‘புன்னை மாலை சூடிய கவிஞர்’ என்று எழுதிவிட்டேன். புத்தகம் வெளியே போன பிறகுதான் ஒரு தாவரவியல் வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னார், புன்னைக்கும் லாரலுக்கும் உறவே கிடையாது என்று. வெள்ளைக்காரர்கள் தடித்துப் பளபளக்கும் இலையைக் கண்ட இடத்திலெல்லாம் லாரல் என்று பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கருமருதுக்கும் ‘இந்தியன் லாரல்’ என்று ஒரு பெயர் உண்டு. உங்கள் விழாவில் யாராவது மொழிபெயர்க்கிறேன் என்று புன்னையைக் கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள்.

சரி, அந்த மரத்துக்கு ஏன் இந்த மரியாதை? கிரேக்கக் கதை ஒன்று. பாட்டுக்கும் இசைக்கும் மருத்துவத்துக்கும் தெய்வமான அப்பல்லோ, ஆற்றுத் தெய்வத்தின் மகளான டாஃப்னியை விரட்டிக்கொண்டு ஓடுகிறான். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. தப்பிக்க முடியாத நேரத்தில் தன் தகப்பனைக் கூப்பிடுகிறாள், அவள் மரமாகிவிடுகிறாள். டாஃப்னி என்ற கிரேக்கச் சொல்லுக்கே லாரல் என்றுதான் பொருள். கிடைக்காத பெண்ணின் இலையையாவது தலையில் வைத்துக்கொள்கிறேன் என்று அப்பல்லோ சூடிக்கொண்டானாம். ரோமானியக் கவிஞர் ஓவிட் இதை விரிவாகப் பாடியிருக்கிறார். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பெண்ணின் நிலையை மறக்க வேண்டாம். வேண்டாம் என்று ஓடியவளைத்தான் இரண்டாயிரம் வருஷமாக வெற்றிச் சின்னமாகத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லில் எப்போதும் கொஞ்சம் உறுத்துவது அது.

கதையை விட்டு நடந்ததற்கு வருவோம். அப்பல்லோவின் கோயில் இருந்த டெல்ஃபியில் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பித்தியன் போட்டிகள் நடந்தன. அங்கே ஜெயித்தவருக்குப் பரிசு பணமில்லை, பதக்கமில்லை, லாரல் வளையம். பலரும் ஒலிம்பிக்கில் லாரல் சூட்டினார்கள் என்று எழுதுகிறார்கள், தவறு. ஒலிம்பியாவில் கொடுத்தது காட்டு ஆலிவ் இலை. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினவர்கள் தலையில் பார்த்தீர்களே, அது ஆலிவ்தான். டெல்ஃபிதான் லாரலுக்குச் சொந்த ஊர். இன்னொன்றையும் கவனியுங்கள். டெல்ஃபியில் முதலில் இருந்தது ஓட்டமும் குஸ்தியும் இல்லை, பாட்டுப் போட்டி. அப்பல்லோவைப் புகழ்ந்து பாடுகிற போட்டி. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய 6ஆம் நூற்றாண்டில்தான் உடல் விளையாட்டுகள் சேர்ந்தன, குத்துச்சண்டை உட்பட. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் ஐந்து பேருக்கு வரும்போது தேவைப்படும்.

ரோமில் இது படைத்தலைவர்கள் கைக்குப் போனது. வெற்றி ஊர்வலத்தில் தளபதி தலையில் லாரல். பிறகு பேரரசர்கள் தலையில் நிரந்தரமாக. இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய நாணயங்கள் கொங்கு நாட்டுப் பக்கம், கரூர்ப் பக்கம் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அந்தக் காசுகளில் பேரரசர் தலையைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் லாரல் வளையம் இருக்கும். நாணயம் சேர்ப்பவர்கள் அந்த வகைத் தலைக்கு இன்றும் ‘லாரியேட் ஹெட்’ என்றுதான் எழுதுகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் ரோமானியக் காசுகளைக் கண்ணால் பார்க்கலாம். ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம், பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு. அவர்கள் பொன்னைக் கொண்டுவந்து நம் மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பொன்னில்தான் இந்த இலை இருந்தது. லாரியேட் என்ற வார்த்தை நமக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. லாரியேட் தலை அதற்குப் பதினெட்டு நூற்றாண்டு முன்னாலேயே வந்துவிட்டது. புதுக்கோட்டைக் காசுகளில் முக்கால்வாசிக்கும் மேல் அந்த முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள் என்பது கொசுறுத் தகவல். மறுபடி புழக்கத்தில் விடாமலிருக்கச் செய்தது என்பது ஒரு கருத்து.

கவிஞர்களிடம் லாரல் திரும்பி வந்தது இத்தாலியில். 1341 ஏப்ரல் 8 அன்று ரோம் நகரின் கேப்பிட்டல் குன்றில் பெட்ரார்க் என்ற கவிஞருக்கு லாரல் சூட்டினார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் எழுதிய சாசர், பெட்ரார்க்கைப் பற்றிச் சொல்லும்போது ‘லாரியேட் கவிஞர்’ என்கிறார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கிற மிகப் பழைய சாட்சிகளில் அது ஒன்று. இங்கிலாந்து அரசர்கள் அதை உத்தியோகமாகவே ஆக்கினார்கள். 1668-இல் டிரைடன் அதிகாரபூர்வமான ‘போயட் லாரியேட்’ ஆனார். சம்பளம் உண்டு, பீப்பாய்க் கணக்கில் ஒயினும் உண்டு. அரசர் மாறினபோது வேலையும் போயிற்று. தமிழில் அந்தப் பதவிக்கு நாம் ‘அரசவைக் கவிஞர்’ என்று சொல்கிறோம். 1949-இல் சென்னை மாகாண அரசு நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை அப்படி நியமித்தது. பின்னால் 1978-இல் கண்ணதாசன். நல்ல மொழிபெயர்ப்புதான், ஆனால் அதில் அவை மட்டும்தான் வந்தது, இலை உதிர்ந்துவிட்டது.

இதுவரை சொன்னது உறுதியானது. சந்தேகமானதையும் சொல்லிவிட வேண்டும். லாரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அதற்கு முந்தைய வேர் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் முடிவில்லை. மத்தியதரைக் கடல் பக்கத்தில் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் முன்னால் பேசின, இன்று இல்லாமல் போன ஏதோ ஒரு மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பலருடைய ஊகம். அடுத்து, ‘பேச்சிலர் டிகிரி’யில் உள்ள பேச்சிலர் என்பதற்கு ‘லாரல் பழம்’ என்று அர்த்தம் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அது பாதி உண்மை. பேச்சிலருக்கு மூலமான பழைய சொல் வேறு. அதன் பூர்வீகம் தெளிவில்லை. பிற்காலத்துப் படித்தவர்கள் அதை லாரல் பழத்தோடு சேர்த்துச் சிலேடையாக்கி ‘பக்கலாரியேட்’ என்று வளைத்துவிட்டார்கள். நம்மூரில் ஊர்ப்பெயருக்குப் புராணம் கட்டுவது மாதிரி.

இனி உங்கள் ஐந்து பேர். சரித்திரத்தைப் பார்த்தால் லாரியேட் என்ற சொல்லுக்கு மிக நெருங்கினவர் யார் தெரியுமா? நோபல் விஞ்ஞானி இல்லை, உங்கள் கானா பாடகர்தான். டெல்ஃபியில் முதல் லாரல் பாட்டுக்குத்தான் போயிற்று. பெட்ரார்க் தலையில் ஏறியதும் பாட்டுக்காகத்தான். இலக்கியத்துக்கான நோபல் பதக்கத்தின் பின்பக்கத்திலேயே ஓர் இளைஞன் லாரல் மரத்தடியில் உட்கார்ந்து, கலைத்தேவதை பாடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். 1913-இல் தாகூர் வாங்கின பதக்கத்திலும் அதே மரம்தான். (அந்தப் பதக்கம் 2004-இல் சாந்திநிகேதனில் திருட்டுப் போனது தனிச் சோகம்.) சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவருக்கும் அந்த மரத்தடியில் இடம் இருக்கிறது என்று நான் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடுத்து பாக்ஸர். டெல்ஃபியில் குத்துச்சண்டைக்கு லாரல் உண்டு என்று சொன்னேன், கணக்குச் சரி. டாக்டர் பையன்? இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இன்றைக்கும் பெயர் ‘லாவ்ரியா’, அதாவது லாரல். படித்து முடித்த பிள்ளைகள் தலையில் இலை வளையத்தோடு தெருவில் சுற்றுவது அங்கே சாதாரணக் காட்சி. ஆக அவனும் எழுத்துக்கு எழுத்து லாரியேட். கேரம் பெண் போட்டியில் ஜெயித்தவள். பழைய அர்த்தத்தில் தடையே இல்லை. கேரத்தைச் சின்ன விளையாட்டு என்று யாராவது சொன்னால், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எந்தப் பக்கத்துப் பெண் என்று கேளுங்கள். நம் வடசென்னைதான், ஆட்டோ ஓட்டுநர் மகள்.

ஆனால் இன்றைய வழக்கு வேறு, பழைய அர்த்தம் வேறு. இன்றைய ஆங்கிலத்தில் ஒரு பரிசின் பெயரோடு ஒட்டித்தான் இந்தச் சொல் பெரும்பாலும் வரும்: நோபல் லாரியேட், கணிதப் பரிசான ஏபெல் வாங்கினால் ஏபெல் லாரியேட். போட்டியில் ஜெயித்தவரை சாம்பியன் என்பார்கள். லண்டனில் உள்ள அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் சேர்ந்தவர் ஃபெல்லோ. நம் துறைமுகத்தில் 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய ராமானுஜன் 1918-இல் ஃபெல்லோ ஆனார். கணக்குக்கு நோபல் கிடையாது என்பதால் அவரை யாரும் லாரியேட் என்று எழுதுவதில்லை. அதனால் அவர் சின்னவரா? வெறுமனே ‘நார்த் மெட்ராஸ் லாரியேட்ஸ்’ என்று போட்டால் இலக்கணத் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் படிக்கிறவர் ‘என்ன பரிசு?’ என்று கேட்பார். உங்கள் மன்றம் ஒரு விருதுக்குப் பெயர் வைத்து அதை அன்று மேடையில் கொடுத்தால், அந்த நிமிஷம் முதல் அவர்கள் அந்த விருதின் லாரியேட்கள். அதில் கேலி இல்லை. இரண்டாவது நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

டியூஷன் அக்காவை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவரை லாரலில் எங்கே வைப்பது என்று எனக்குக் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. அவர் யாரையும் ஜெயிக்கவில்லை, பாட்டுக் கட்டவில்லை, பட்டத்துக்காக அவரைக் கூப்பிடவில்லை. அவருக்குத்தான் தமிழ் வேண்டும்.

தமிழில் என்ன சொல் என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். செய்தித்தாளில் ‘விருதாளர்’, ‘பரிசாளர்’ என்று எழுதுகிறோம். சுருக்கம், வசதி. விருது என்பது பழைய காலத்தில் இன்றைய மாதிரி ஷீல்டு இல்லை; அரசனுக்குரிய பட்டப்பெயர், கொடி, சின்னம். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘பிருது’, ‘பிருத’ என்று உண்டு, சமஸ்கிருத அகராதிகளிலும் உண்டு. பல்கலைக்கழகத் தமிழ் அகராதி அதோடுதான் இதை இணைக்கிறது. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. பல்லாவரம் குகையில் மகேந்திர பல்லவன் தன் விருதுப் பெயர்களை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். 7ஆம் நூற்றாண்டு ஃப்ளெக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் சூட்டவில்லை, தானே சூட்டிக்கொண்டது. லாரியேட்டுக்கும் விருதுக்கும் உள்ள பழைய வித்தியாசம் அதுதான். இன்னொரு தொழில் ரகசியமும் சொல்கிறேன்: ‘விருதாளர்’ வரிக் கடைசியில் உடைந்தால் மேல் வரியில் ‘விருதா’ என்று நிற்கும். வீண் என்று அர்த்தம். ஒரு பாராட்டு மலரில் அப்படி உடைந்து நின்று, பாராட்டப்பட்டவர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

‘பட்டம்’ கொஞ்சம் நெருங்கும். நெற்றியில் கட்டுகிற பொற்தகடுதான் முதலில் பட்டம். ‘பட்டம் கட்டுதல்’ என்று அதனால்தான் சொல்கிறோம். தலையில் ஒன்றை வேறொருவர் வைப்பது என்ற செயல் அதில் இருக்கிறது. தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஆறுமுக நாவலருக்கு ‘நாவலர்’ பட்டம் திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் கொடுத்தது. இன்று பலருக்கு அது பட்டம் என்பதே மறந்து, பெயராகவே ஒட்டிவிட்டது.

ஆனால் பாட்டுக்குச் சூட்டியதற்கு நம்மிடம் இதைவிட நேரான சான்று இருக்கிறது. புறநானூற்றின் 141ஆம் பாட்டு இப்படித் தொடங்குகிறது: ‘பாணன் சூடிய பசும்பொன் தாமரை’. வள்ளல் பேகனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் தலையில் பொன்னால் செய்த தாமரை. கூட வருகிற விறலி கழுத்தில் மாலை. கிரேக்கர்கள் பாடினவனுக்கு இலையைச் சூட்டினார்கள், நம்மவர்கள் பொற்பூவைச் சூட்டியிருக்கிறார்கள். பாணன் ஊர் ஊராகப் போய்ப் பாடின, வறுமைப்பட்ட ஆள். சபைக் கவிஞர் இல்லை. உங்கள் கானா பாடகருக்கு முன்னோர் தேட டெல்ஃபி வரை போக வேண்டியதே இல்லை. இப்போது தாமரை போய், ‘பொன்னாடை’ என்று பெயரில் மட்டும் பொன் வைத்த சால்வை போர்த்துகிறோம்.

கடைசியாக வாகை. ‘வாகை சூடினான்’ என்றால் வெற்றி பெற்றான் என்பது எல்லோருக்கும் தெரியும், விளையாட்டுப் பக்கத்தில் தினமும் வருகிறது. அந்த மரத்தைத்தான் பலருக்குத் தெரியாது. சென்னைச் சாலையோரங்களில் உண்டு. வெளுத்த பச்சையில் பஞ்சு மாதிரி பூ, கோடையில் நல்ல வாசனை. பூ முடிந்தால் தட்டையான நெற்றுகள் காய்ந்து வெளுத்துக் காற்றில் கலகலவென்று சத்தம் போடும். குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், கயிற்றின்மேல் ஆடுகிற கூத்தாடிகளின் பறை மாதிரி ‘வாகை வெண்ணெற்று ஒலிக்கும்’ என்று வருகிறது. ஆங்கிலக்காரர்கள் அதே சத்தத்தைக் கேட்டு அந்த மரத்துக்குப் ‘பெண்ணின் நாக்கு’ என்று பெயர் வைத்தார்கள். யாருக்குக் காது நன்றாக இருந்தது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

வாகையைப் போர் வெற்றி என்று மட்டும் நினைத்திருந்தேன், தொல்காப்பியம் படிக்கும் வரை. அங்கே புறத்திணையில் வாகைக்குச் சொன்ன இலக்கணம்: ‘தாவில் கொள்கைத் தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்’. ‘தா’ என்பதற்கு உரைகளில் கேடு, வருத்தம் என்று வேறுவேறு பொருள் உண்டு. நான் வாசிப்பது இப்படி: பழுதில்லாத நெறியில் நின்று, அவரவர்க்கு உரிய வேலையை, மற்றவரிடமிருந்து தனித்துத் தெரிகிற அளவுக்கு மேலோங்கச் செய்வது. எதிரி வேண்டியதில்லை. தோற்றவர் ஒருவர் இருக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை அரச வாகையோடு வாணிக வாகை, வேளாண் வாகை என்றெல்லாம் பிரித்துப் பாடுகிறது. இந்த நூல்கள் அந்தக் காலத்துச் சமூகப் பிரிவுகளை வைத்துத்தான் வகுத்தன; அந்த வகுப்பை நாம் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஆனால் ‘தத்தம் கூறு’ என்ற அந்த இரண்டு சொல் போதும். மொட்டை மாடியில் இருபது வருஷம் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அக்கா வாகைக்குள் வந்துவிடுகிறார். லாரலுக்குள் அவரைக் கொண்டுவர நான் பட்ட பாடு இங்கே இல்லை.

அதனால் என் யோசனை: மேல் வரியில் ‘வாகை சூடிய நம்ம காசிமேடு’ என்று பெரிதாகப் போடுங்கள். ‘சாதனையாளர்’ என்பதில் தப்பில்லை, ஆனால் எல்லா ஃப்ளெக்ஸிலும் அதுவே இருந்து இருந்து கண் தாண்டிப் போய்விடுகிறது. லாரியேட் கேட்ட நண்பர் மனம் கோண வேண்டாம் என்றால், நீங்கள் கொடுக்கிற விருதுக்கு ஒரு பெயர் வைத்து, சான்றிதழின் ஆங்கிலப் பக்கத்தில் அந்தப் பெயரோடு சேர்த்து லாரியேட் என்று அச்சடிக்கலாம். ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே அவர் என்ன செய்தார் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: எந்த எடைப் பிரிவு, எந்த வருஷம், எந்தக் கல்லூரி, எத்தனை பிள்ளைகள். கானா பாடகரிடம் அவர் மேடையில் எந்தப் பெயரில் பாடுகிறாரோ அதைக் கேட்டுப் போடுங்கள், ஆதார் பெயரைப் போட்டுவிடாதீர்கள். முதலெழுத்தை அவரவரிடமே காட்டிச் சரிபாருங்கள். டிசைன் முடிந்ததும் இங்கேயே படத்தைப் போட்டால் நான் புரூஃப் பார்த்துத் தருகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன், டிசைனர்கள் நிச்சயம் சேர்த்துவிடுவார்கள்: ‘வாகை சூடிய’ என்பதற்கு நடுவில் ‘ச்’ வராது. வாகையைச் சூடிய என்பதில் ஐ மறைந்து நிற்கிற இரண்டாம் வேற்றுமைத் தொகை அது.